தானே பயிர் செய்பவர்

வண்டியில் வந்த பையன் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினான். அதைப் பார்த்ததும் கதிரேசனுக்கு அவன்மேல் நல்ல எண்ணம்தான் வந்தது. நிலம் விலைக்கு வருமா என்று கேட்டு வருகிறவர்கள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பாதிப்பேர் காரை விட்டே இறங்கமாட்டார்கள். கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, அந்தத் தென்னை வரைக்கும் உங்களுதா என்று கேட்பார்கள். இவன் முதுகில் ஒரு பை, கையில் ஒரு போன். படிக்கிற பையனாகவும் இருக்கலாம், வேலைக்குப் போகிறவனாகவும் இருக்கலாம்.

"ஏனுங்ண்ணா, இது யாரு தோட்டமுங்க?"

கதிரேசன் வாய்க்கால் மடையை அடைத்துக்கொண்டிருந்தான். மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"பண்ணாடியோடதுங்க. அவிய கோயமுத்தூர்ல இருக்கறாங்க."

"நீங்க?"

"நான் சும்மா தண்ணி கட்டறவனுங்க."

"என்ன பயிர் வெக்கறதுன்னெல்லாம் யாருங்க முடிவு பண்றது?"

"நமக்கென்னங்க தெரியும்? அவிய சொல்றாங்க, நாம செய்யறோம்."

"உங்க பேருங்ண்ணா?"

"கதிரேசனுங்க."

பையன் போனிலிருந்து தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தவன் கேட்காமல் விட்டுவிட்டான். போனில் தட்டினான், நாலு பக்கமும் படம் பிடித்தான், குடிக்கத் தண்ணீர் கேட்டான். கதிரேசன் மோட்டார் குழாயில் செம்பு நிறையப் பிடித்துக் கொடுத்தான். பையன் அண்ணாந்து குடித்துவிட்டு, "வாரனுங்ண்ணா" என்று சொல்லிப் போனான். அன்றைக்குக் கதிரேசனோடு நேரில் பேசிய ஆள் அவன் ஒருத்தன்தான். அதனால் பொழுதிறங்கும் வரைக்கும் அந்தப் பையனின் முகம் மனதில் இருந்தது. அப்புறம் மறந்துபோயிற்று.

மறு வாரம் போனில் செய்தி வந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தான். இளம் விவசாயிகளுக்கான ஊக்கத்தொகை கேட்டு அவன் போட்ட மனு, கள ஆய்வில் தகுதி இல்லை என்று தள்ளுபடி ஆகியிருந்தது.

கள ஆய்வா? எப்போது? ஆய்வு என்றால் ஜீப்பில் நாலு பேர் வருவார்கள், முன்கூட்டியே ஆள் சொல்லி அனுப்புவார்கள், ஊரில் யாராவது கூடவே வருவார்கள் என்றுதான் அவன் காத்திருந்தான். செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்த பையனின் ஞாபகம் வந்தபோது, கதிரேசன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

அந்தத் தோட்டம் காரமடைக்கு மேற்கே, மலை கண்ணுக்கு நேரே நிற்கிற தூரத்தில் இருக்கிறது. நிலத்துக்காரர் சென்னகிருஷ்ணன். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கோயமுத்தூரில் பம்புசெட் பட்டறை வைத்துப் பெரிதானவர். கதிரேசனின் அப்பா நஞ்சப்பன் அவரிடம் பண்ணையத்து ஆளாக இருந்தார். அப்பாவுக்குப் பின் மகன். தோட்டத்துக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடுவது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. சென்னகிருஷ்ணனின் மனைவி லட்சுமியம்மாள் உயிரோடு இருந்தபோது, மீசை முளைக்காத கதிரேசனிடம் சொல்லி வைத்திருந்தார்: "ஆரு வந்து கேட்டாலும் பண்ணாடியோடது, எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லிப்போடோணும் கண்ணு. புரோக்கருக எதையாவது கெளறி வாயப் புடுங்குவானுக." அன்றிலிருந்து அதே பதில். யார் கேட்டாலும் தலையைத் தூக்காமலே வந்து விழும்.

லட்சுமியம்மாள் போன பிறகு சென்னகிருஷ்ணனுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. தோட்டத்துப் பக்கம் வருவதே அரிதாயிற்று. அவருடைய மகள் தேஜஸ்ரீதான் ஒருநாள், "நைனா, சும்மா போட்டுக் காடாக்கறதுக்கு, பாக்கறவருக்கே குத்தகைக்கு எழுதிக் குடுத்துருங்க. பத்திரமாவே எழுதிக் குடுங்க" என்று நின்றாள். அந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் குத்தகையைப் பத்திரத்தில் எழுதித் தருவதில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று பயம். ஆனாலும் சென்னகிருஷ்ணன் எழுதிக் கொடுத்தார். ஐந்து வருஷத்துக்கு, ரெஜிஸ்டர் ஆபீஸில் கைரேகை வைத்து. வெளியே வந்ததும், "ஊரே சிரிக்கும் கதிரேசா. பாப்பா சொல்றாளேன்னு செய்யறேன்" என்றார்.

அந்தப் பத்திரம் இருந்ததால்தான் கதிரேசனால் மனுப் போட முடிந்தது. திட்டத்தின் விதிகள் அவனுக்கு மனப்பாடம். நாற்பது வயது முடிந்திருக்கக் கூடாது. சொந்த நிலமாவது பதிவு செய்த குத்தகையாவது இருக்க வேண்டும். அந்த இடத்திலேயே குடியிருக்க வேண்டும். தானே பயிர் செய்பவராக இருக்க வேண்டும். வரும் தையோடு அவனுக்கு நாற்பது முடிகிறது. அதுவும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதிதான். அம்மா பழனியாத்தாள் இருந்தவரைக்கும், கேட்டால் நல்ல மழைக் காலத்தில் பிறந்தாய் என்பாள். தை மாதத்தில் எந்த மழை? எப்படியோ, கவர்மெண்டுக்கு அவன் தையில் பிறந்தவன். இந்த வருஷம் விட்டால் அவன் இளம் விவசாயி இல்லை.

காசுக்காக மட்டும் அவன் இதை இத்தனை நெஞ்சில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் மனைவி மதிவதனி, மகள் இனியாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பனியன் கம்பெனியில் வேலை. பஸ் ஏறுமுன் அவள் சொன்னது: "அடுத்தவிய தோட்டத்துக்குக் காவல் கெடக்க எம்புள்ளையக் கூட்டிட்டு வரமாட்டேன் மாமா. இது உங்க வெள்ளாமைன்னு ஆகட்டும், நாலு பேரு முன்னால நீங்களே சொல்லுங்க, நானே மூட்டையக் கட்டிட்டு வாரேன்."

குத்தகைப் பத்திரம் ஆனபோது போன் பண்ணினான். "பத்திரம் பெட்டியில இருக்கும். ஊருக்குத் தெரியோணுமல்லோ" என்றாள். கவர்மெண்டே அவனை விவசாயி என்று ஒப்புக்கொண்டு உதவி கொடுத்தால் அதற்கு மேல் யாருக்குத் தெரிய வேண்டும்? அப்படித்தான் அந்த மனு அவனுக்கு இத்தனை பெரிதாயிற்று.

காரணம் கேட்டு அவன் போன வேளாண்மை ஆபீஸில் அன்புச்செல்வி என்கிற அதிகாரி இருந்தார். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். மூலையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான் செம்பில் தண்ணீர் குடித்த பையன். யஷ்வந்த் என்று பெயர். கதிரேசனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்புச்செல்வி ஆய்வு அறிக்கையைப் பார்த்துச் சொன்னார். "மனுதாரர் நிலத்தில் கூலி ஆளாக இருக்கிறார். பயிர் முடிவுகள் நிலத்துக்காரரோடது. இது மனுதாரரே சொன்னதுன்னு போட்டிருக்குது. பையன் தப்பா எழுதிப்போட்டானுங்களா?"

"தப்பில்லீங்க மேடம். நான் சொன்னதத்தான் எழுதியிருக்கறாரு."

"அப்பறமென்னங்க?"

"நான் சொன்னதுதானுங்க தப்பு."

மூலையிலிருந்து யஷ்வந்த் திரும்பினான். "அண்ணா, நான் பேரு கூடக் கேட்டனே. நீங்க ஒரு வார்த்த, நாந்தான் அந்த ஆளுன்னு சொல்லியிருந்தா…"

"எனக்கு வாய்ல வரல சாமி."

அன்புச்செல்வி சிரிக்கவில்லை. "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டார். கதிரேசன் புரோக்கர்களைப் பற்றிச் சொன்னான், லட்சுமியம்மாள் சொல்லி வைத்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல, அது தனக்கே ஒரு சின்னப் பிள்ளையின் சாக்கு மாதிரிக் கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"இங்க பாருங்க," என்றார் அவர். "கூலி வேல செய்யறவங்களுக்கு வேற திட்டம் இருக்குது. இது அதில்ல. என்ன பயிரு, எப்ப, எவ்வளவு, அந்த முடிவு உங்களோடதா இருக்கோணும். அதுதான் இதுல தானே பயிர் செய்பவர்னு சொல்றது. மறு ஆய்வுக்கு எழுதிக் குடுங்க. நானே வாரேன். ஆனா நெலத்துக்காரரும் அன்னிக்கு அங்க இருக்கோணும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தரும் இருக்கோணும். அவுங்க முன்னால கேப்பேன்."

"பண்ணாடி இருந்தே ஆகோணுமுங்களா?"

"ஏன், சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க."

சண்டை இல்லை. வேறொன்று இருந்தது. பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகும் சென்னகிருஷ்ணன் காலையில் காப்பி குடித்ததும் கதிரேசனுக்குப் போன் பண்ணுவார். மோட்டார் ஓடுதா, தேங்காய் விழுந்துச்சா, மழை உண்டா. கதிரேசனுக்கும் அது பிடித்திருந்தது. சில நாட்கள் அந்த ஒரு குரல்தான். ஆடியில் ஒருநாள் அவர், "கீழ்க்காட்டுல மக்காச்சோளம் போட்டுரு" என்றார். கதிரேசன் "சரிங்க" என்றான். சரி என்று சொல்லிவிட்டு, மேட்டுப்பாளையத்தில் நாற்று வாங்கி வந்து, அந்த நிலம் முழுக்கக் கறிவேப்பிலை வைத்துவிட்டான்.

அப்புறம் ஒவ்வொரு காலையும், "சோளம் எப்படி?" என்பார். "நல்லா இருக்குதுங்க" என்பான். "கதிரு வந்து பூட்டை வெச்சுதா?" "வெக்கப்போகுதுங்க." இப்படியே ஆவணி போயிற்று, புரட்டாசியும் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்துத் தோட்டத்து வேலுமணியிடம் போய்ச் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று கேட்டபோது, அவர் மாட்டுக்குத் தீவனம் வெட்டிக்கொண்டிருந்தார். கதிரேசனை விட நாலைந்து வயது மூத்தவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"ஏண்டா, அப்ப இனிமே உன்னையப் பண்ணாடின்னு கூப்புடோணுமா?"

"அட போங்ண்ணா."

"தலையில துண்டு கட்டிக்க. ஒரு செயினு வாங்கிப் போட்டுக்க. கருவேப்பலப் பண்ணாடி!" அவர் சிரித்தார். பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "உம்பட பண்ணாடிக்குக் கருவேப்பல சமாச்சாரம் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்ண்ணா."

"அட முருகா," என்றார் வேலுமணி. "நான் கட்டாயம் வாரேன். இதையப் பாக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

சென்னகிருஷ்ணனிடம் போனில் ஆய்வைப் பற்றி மட்டும் சொன்னான். "வாரேன். பாப்பா கார் அனுப்புவா. சோளத்தையும் பாத்தாப்புல ஆச்சு" என்றார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சரிங்க என்று போனை வைத்தான்.

ஆய்வு நாள் காலை கதிரேசன் விடியுமுன் எழுந்து தோட்டத்துச் சாளையைக் கூட்டினான். சாளை என்றால் தோட்டத்து நடுவில் இருக்கிற வீடு. திட்டம் கேட்டபடி அவன் குடியிருப்பதும் அங்கேதான். பிளாஸ்டிக் நாற்காலி மூன்று எடுத்து வேப்பமரத்தடியில் போட்டான். மரத்தில் ஏறி இளநீர் வெட்டி வைத்தான். எல்லாம் முடித்த பிறகுதான் தனக்கு நாற்காலி போடவில்லை என்று தெரிந்தது. நாலாவது சாளைக்குள் இருந்தது. எடுக்கப் போனவன், அதிலே என்ன இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டான்.

முதலில் வேலுமணி வந்தார், அடுத்து ஆபீஸ் வண்டியில் அன்புச்செல்வியும் யஷ்வந்தும் வந்தார்கள். கடைசியில் கார் வந்தது. சென்னகிருஷ்ணன் டிரைவர் தோளைப் பிடித்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் ஊன்றுகோல். வந்தவர் யாருக்கும் வணக்கம் சொல்லாமல், வழக்கப்படி நேராகக் கீழ்க்காட்டு வரப்புக்கு நடந்தார். கதிரேசன் ஒரு எட்டுப் பின்னால் போனான். மற்றவர்களும் போனார்கள்.

வரப்பில் நின்று பார்த்தார். காடு முழுக்கக் கறிவேப்பிலை, முழங்கால் உயரத்துக்கு, பச்சையாக, வரிசை பிடித்து. ஒரு இலையைக் கிள்ளி விரலில் கசக்கி மூக்கில் வைத்தார்.

"சோளம் கம்முனு வாசன அடிக்குது கதிரேசா," என்றார்.

வேலுமணி இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டார்.

வேப்பமரத்தடிக்குத் திரும்பினார்கள். அன்புச்செல்வி கேட்க ஆரம்பித்தார். கேள்வி கதிரேசனுக்கு. பதில் சென்னகிருஷ்ணனிடமிருந்து வந்தது.

"தண்ணி எப்பப் பாச்சறீங்க?"

"அஞ்சு நாளைக்கொருக்கா விடறமுங்க மேடம்."

"சார், அவரு சொல்லட்டுமுங்க."

"சரி, சரி. சொல்லு கதிரேசா."

"ஒரம் என்ன வெக்கறீங்க?"

"சாணிதான். எங்க தோட்டத்துல எப்பவும்…" என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக் கையைக் காட்டினார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இத்தனை வருஷமாக அந்தத் தோட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொன்னவர் அவர்தான்.

அன்புச்செல்வி நிமிர்ந்து கதிரேசனைப் பார்த்தார். "கருவேப்பில வெக்கறதுன்னு யாரு முடிவு பண்ணுனது?"

காற்று இல்லை. சாளைக்குப் பின்னால் மயில் ஒன்று கத்தியது. சென்னகிருஷ்ணன் இந்தத் தரம் பதில் சொல்லவில்லை. ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரேசன் நின்றுகொண்டிருந்தான். இப்போதும் வாய்க்குள் அந்தப் பழைய பதில்தான் தயாராக இருந்தது. அவிய சொல்றாங்க, நாம செய்யறோம். அதைச் சொல்லிவிட்டால் பண்ணாடியின் மானமும் காப்பாற்றப்படும், கறிவேப்பிலைக்கும் ஒரு சமாதானம் ஆகிவிடும். அவர்கூட அதற்கு ஆமாம் போட்டுவிடுவார். பெரிய மனுஷன்.

"நானுங்க," என்றான்.

"சத்தமாச் சொல்லுங்க."

"நாந்தானுங்க மேடம். பண்ணாடி மக்காச்சோளம் போடச் சொன்னாங்க. நான் சரின்னு சொல்லிப்போட்டு இதைய வெச்சுப்போட்டேன்."

"ஏன்?"

"சோளத்தப் பன்னி உழுது தின்னுபோட்டுப் போகுதுங்க. இதைய ஒண்ணும் தொடாதுங்க. அதுவுமில்லாம…" அவன் கீழ்க்காட்டுப் பக்கம் திரும்பினான். "எனக்கு இது வெக்கோணும்னு ஆசைங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ," என்றார் சென்னகிருஷ்ணன், மண்ணைப் பார்த்தபடியே.

"சொன்னா வேண்டாம்பீங்க பண்ணாடி."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." அவர் தலையைத் தூக்கினார். "அஞ்சு வருசத்துக்கு எழுதிக் குடுத்தேன். இது எத்தன வருசத்துச் செடி?"

"இருவது வருசம் நிக்குமுங்க."

"அப்ப, அஞ்சு வருசங்கழிச்சு?"

நாற்று நடும்போது கதிரேசன் அதை யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

சென்னகிருஷ்ணன் அன்புச்செல்வி பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க மேடம். இவன்தான் பயிர் பண்றான். என்ற பேச்சக் கேக்கறதில்ல. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். கையெழுத்தைப் போட்டார். வேலுமணியும் போட்டார். அவருக்கும் இப்போது சிரிப்பு வரவில்லை.

கதிரேசன் இளநீரைச் சீவிக் கொண்டுவந்து நீட்டினான். "சர்க்கரை இருக்குதப்பா" என்றார் சென்னகிருஷ்ணன். போன தடவை வந்தபோது இரண்டு குடித்தவர். இதுவரைக்கும் அவனை அவர் அப்பா போட்டுக் கூப்பிட்டதில்லை. மரியாதை மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லில் அவர் எங்கேயோ தள்ளிப் போய்விட்டார். கார் திரும்பிப் போகும்வரை கதிரேசன் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு யஷ்வந்திடம் கொடுத்தான்.

மறுநாள் காலை போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவனே ஒருமுறை கூப்பிட்டான். தேஜஸ்ரீ எடுத்தாள். "நைனா தூங்கறாருங்கண்ணா. ஒண்ணுமில்ல, நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க. இனி உங்க இஷ்டந்தான்னு சொல்லச் சொன்னாரு" என்றாள். நல்ல பெண். நல்லபடியாகத்தான் சொன்னாள்.

முன்னெல்லாம் கூலிக்கு வருகிறவர்களோடு வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவான். களை எடுக்க வந்த பெண்கள் இப்போது, "பண்ணாடி நெழல்ல உக்காருங்க, நாங்க இப்பிடி உக்காந்துக்கறோம்" என்று கிண்டல் பண்ணிவிட்டு அந்தப் பக்கம் போய் வட்டம் போட்டுக்கொண்டார்கள். வேலுமணி வீட்டுக் கிணற்றடியில் தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால், இவன் போனதும் பேச்சு மழைக்கு மாறும்.

பணம் அனுமதி ஆகிவிட்டது என்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வரவேண்டும் என்றும் செய்தி வந்த அன்றைக்குப் பொழுதோடு மதிவதனியைக் கூப்பிட்டான். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்திருந்தாள். பின்னால் இனியாவும் யாரோ தோழிகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நெசமாலுமா மாமா? பண்ணாடி முன்னாலயேவா?"

"முன்னாலயேதான்."

"நானுங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டான். "அவிய என்ன பண்ணுனாங்க?"

"கையெழுத்துப் போட்டாங்க. எளநி குடிக்கல."

சிரிப்பு நின்றது. அவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப, எப்ப வாரீங்க?" என்று கேட்டான்.

இனியாவின் சிரிப்பு தூரமாயிற்று. மதி போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டாள் போல.

"மாமா, அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல நான் சொன்னேனல்லோ."

"ம்."

"நீங்க செய்ய மாட்டீங்கன்னு நெனச்சுத்தான் அப்பிடிச் சொன்னேன்."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"போகாத, இருன்னு நீங்க சொல்லல. நானும் வாரேன்னும் சொல்லல. பையத் தூக்கி மேல வெச்சுப்போட்டுச் சும்மா நின்னீங்க. எதையாவது ஒண்ணச் சொல்லிப்போட்டு நான் பஸ் ஏறோணுமல்லோ? நீங்க பண்ணாடி முன்னால வாயத் தொறப்பீங்கன்னு நான் கண்டனா?"

"இப்பத்தான் தொறந்துட்டனே."

"தொறந்துட்டீங்க. சந்தோசமா இருக்குது மாமா. சத்தியமா. இனியா இங்க பதினொண்ணாவது சேந்துட்டா. என்னைய லைனுக்குச் சூப்பர்வைசரா போட்டிருக்கறாங்க. இங்க என்னைய ஒருத்தரும் நீ யாரு ஊட்டு ஆளுன்னு கேக்கறதில்ல. அங்க வந்தா களை எடுக்கறவளுகளே கேப்பாளுக."

"அப்ப வரமாட்டே."

"நீங்க வந்துருங்க. அயர்ன் செக்சன்ல ஆள் கேக்கறாங்க, நான் சொன்னா எடுத்துக்குவாங்க. மூணு பேரும் ஒரு ஊட்ல இருக்கலாம். அந்தக் கருவேப்பலைய யாருக்காச்சும் விட்டுப்போட்டு வாங்க மாமா."

"யோசிக்கறேன்" என்றான்.

யோசித்தான். நாலைந்து நாள் வேறு வேலையே ஓடவில்லை. திருப்பூர் அறையை ஒருமுறை பார்த்திருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆனால் இனியா அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படிப்பாள். மதி சோறு வடித்துப் போடுவாள். பேசுவதற்கு ஆள் இருக்கும். மூட்டையைக் கட்டிவிடலாம் என்று ஒரு மத்தியானம் முடிவே செய்துவிட்டான். பையை எடுத்து வேட்டி சட்டையெல்லாம் வைத்தான். மோட்டாரை நிறுத்திவிட்டு வரலாம் என்று போனவன், தண்ணீர் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவில்லை என்று கண்டு, அது சேரும்வரை நின்றான். சேர்ந்த பிறகும் நின்றான். அந்த வரிசையை அவன் யாரையும் கேட்காமல் வைத்திருந்தான். வாழ்நாளில் யாரையும் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஆபீஸில் அன்புச்செல்வி ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாக வாசித்து விளக்கினார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "இது முக்கியமுங்க," என்றார். "குத்தகை முடியற வரைக்கும் நீங்க அந்தத் தோட்டத்துலயேதான் குடியிருக்கோணும். நடுவுல வேற வேலைக்கு வேற ஊருக்குப் போனீங்கன்னா குடுத்தத திருப்பிக் கேப்பாங்க. புரியுதுங்களா?"

"புரியுதுங்க."

"ஊட்ல யாரு யாரு இருக்கறீங்க?"

"சம்சாரமும் புள்ளையும் திருப்பூருங்க."

"வந்துருவாங்கல்ல? அவுங்க பேரையும் சேத்தே எழுதிக்கட்டுமா? பின்னால வசதியா இருக்கும்."

யஷ்வந்த் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, எழுதிக்கச் சொல்லுங்ண்ணா என்பது போலத் தலையாட்டினான்.

"வேண்டாமுங்க மேடம். வந்தா அப்பறம் எழுதிக்கலாம்."

"அப்ப இப்போதைக்கு?"

"இப்போதைக்கு நான் ஒருத்தன்தானுங்க."

இந்தத் தடவை அதிகாரிக்குத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் எழுதவும் இல்லை. "கதிரேசன், இன்னும் நாளிருக்குது. ஊட்ல பேசிப்போட்டுக் கூட வரலாமுங்க" என்றார், மெல்ல.

"பேசிப்போட்டனுங்க" என்று சொல்லிக் கையை நீட்டிப் பேனாவை வாங்கினான்.

பஸ் இறங்கித் தோட்டத்துக்கு நடந்து வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பையில் வைத்திருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன் என்று மதிக்குப் போனில் பேசிப் பதிந்து அனுப்பினான். அவள் கேட்டுவிட்டாள் என்று போனில் தெரிந்தது. பதில் வரவில்லை. ஷிப்டில் இருப்பாள்.

கறிவேப்பிலைக்கு நுனி கிள்ளிவிட வேண்டிய நேரம். கிள்ளினால்தான் பக்கத்துக் கிளை வெடித்துச் செடி புதராகும். தாமதமாகிவிட்டது. குனிந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே போனான். அப்புறம் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. பாதிக் காடு முடிந்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மிச்சத்தை நாளைக்குக் கிழக்கிலிருந்து ஆரம்பிக்கலாமா, மேற்கிலிருந்தா என்று யோசித்தான். கிழக்கு என்று முடிவு செய்தான். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு அடுப்பு மூட்டப் போனான்.